டிராப்ட்டில் சென்னை அணி அள்ளியதும் கோட்டை விட்டதும்: ஒரு கால்பந்து ரசிகனின் கணக்கு

சென்னை: ஐ.பி.எல். ஏலம் என்றால் டீக்கடை டி.வி. முன்னால் கூட்டம் நிற்கும். யார் எத்தனை கோடிக்குப் போனார் என்று ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் பேச்சு ஓடும். ஆனால் கால்பந்தில் அதைவிட சுவாரசியமான ஒரு முறை இருந்தது. அதற்குப் பெயர் டிராப்ட்.

சென்னையின் எப்.சி. அணி 2018-ம் ஆண்டு ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கியதற்கு அந்த டிராப்ட்டும் ஒரு காரணம். அதே டிராப்ட்டில் வியாசர்பாடி பையன் ஒருத்தரை எடுத்தாங்க. இன்னொரு சென்னைப் பையனை டெல்லி அணி தூக்கிட்டுப் போச்சு. இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

இது ஒரு ரசிகனின் கணக்கு. கோச்சும் ஓனரும் வேற கணக்கு வெச்சிருப்பாங்க. அது அவங்க பாடு.

டிராப்ட் என்றால் என்ன?

ரொம்ப சிம்பிள். தெருவில் பந்து ஆடும்போது டீம் எப்படிப் பிரிக்கிறோம்? ரெண்டு கேப்டன். டாஸ் போடுவாங்க. ஜெயிச்சவன் முதல் ஆளை எடுப்பான். அடுத்தவன் அடுத்த ஆளை எடுப்பான். இப்படி மாத்தி மாத்தி எடுத்து, கடைசியில் நிற்கிற சின்னப் பையன் ஏதாவது ஒரு பக்கம் போவான். டிராப்ட் என்பது இதுதான். கேப்டனுக்கு பதிலா கிளப், தெருவுக்கு பதிலா மும்பையில் ஒரு ஹால், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏலத்தில் பணம் வெச்சிருக்கிறவன் கை ஓங்கும். டிராப்ட்டில் அந்த வேலை நடக்காது. 2017 டிராப்ட்டில் ஒவ்வொரு வீரருக்கும் சம்பளத்தை முன்கூட்டியே முடிவு செய்து பட்டியலில் போட்டு விட்டார்கள். ‘நான் 10 லட்சம் கூடத் தர்றேன், என்கிட்ட வா’ என்று யாரும் கூப்பிட முடியாது. உங்க முறை வரும்போது யார் மிச்சம் இருக்கிறாரோ, அவரில் நல்லவரைப் பார்த்து எடுக்கணும். இங்கே பணத்தை விட கண்ணுக்குத்தான் வேலை.

அமெரிக்காவில் இது பெரிய திருவிழா. அங்கே என்.எப்.எல். என்று அவங்க ஊர் கால்பந்து லீக் இருக்கிறது. அதில் போன வருஷம் கடைசி இடத்தில் வந்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பு. தோற்றவன் அடுத்த வருஷம் எழுந்து நிற்கட்டும் என்ற எண்ணம். 2000-ம் ஆண்டு அந்த டிராப்ட்டில் டாம் பிராடி என்ற பையனை 198 பேரை எடுத்து முடிக்கும் வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 199-வது ஆளாக நியூ இங்கிலாந்து அணி எடுத்தது. அவர் பிறகு 7 முறை சாம்பியன் பட்டம் வாங்கினார். டிராப்ட்டில் முதல் பேரை எடுக்கிறது பெரிய விஷயம் இல்லை, கடைசிப் பேரை எடுக்கிறதில்தான் கிளப்பின் கெட்டிக்காரத்தனம் தெரியும் என்று சொல்வது இதனால்தான்.

டீம் வருவதற்கு முன்பே டிராப்ட்

ஐ.எஸ்.எல். 2014-ல் ஆரம்பித்தது. முதல் டிராப்ட் அந்த வருஷம் ஜூலை மாதம் மும்பையில் நடந்தது. 14 சுற்று, 84 இந்திய வீரர்கள். வேடிக்கை என்னவென்றால் அன்றைக்கு சென்னைக்கு டீமே கிடையாது. பெங்களூர் பெயரில் ஒரு அணி வீரர்களை எடுத்தது. பிறகு அந்த அணியின் உரிமையாளர்கள் விலகிக் கொள்ள, நடிகர் அபிஷேக் பச்சன் தரப்பு உள்ளே வந்து, டீம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. டோனியும் கூட்டாளி ஆனார். ஆக, நம்ம அணியின் முதல் டிராப்ட்டை நம்ம ஆளுங்க பண்ணவே இல்லை.

அப்படியும் நல்ல அணிதான் அமைந்தது. பயிற்சியாளர் மார்கோ மட்டராசி, நடுக்களத்தில் பிரேசில் எலானோ. லீக் சுற்றில் முதல் இடம். ஆனால் அரையிறுதியில் கேரளாவிடம் கூடுதல் நேரத்தில் தோற்று வெளியேறியது. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் இருந்து மக்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள்.

2015-ல் டிராப்ட்டோடு சேர்த்து, 10 இந்திய நட்சத்திரங்களுக்கு மட்டும் தனியாக ஏலம் நடந்தது. சுனில் சேத்ரி 1.20 கோடிக்கு மும்பை போனார். சென்னை 86 லட்சம் கொடுத்து தோய் சிங்கையும், 60 லட்சம் கொடுத்து கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கையும் எடுத்தது. அந்த வருஷம் டிசம்பர் 20-ந் தேதி கோவாவில் நடந்த பைனலில் 2-1 என்று பின்தங்கி, கடைசி நிமிடங்களில் 2 கோல் விழுந்து 3-2 என்று சென்னை கோப்பையை வென்றது. சரி, அது ஏலம் நடந்த வருஷம். உண்மையான பரீட்சை 2017-ல் வந்தது.

2017: யாரை வைத்துக் கொள்வது?

2017 ஜூலை 23-ந் தேதி மும்பையில் டிராப்ட். பெங்களூரு, ஜாம்ஷெட்பூர் என்று 2 புது அணி சேர்ந்து மொத்தம் 10 அணி. ஒவ்வொரு அணிக்கும் லீக் ஆட்டங்கள் 14-ல் இருந்து 18 ஆனது. இன்னொரு பெரிய மாற்றமும் வந்தது. அதுவரை களத்தில் நிற்கும் 11 பேரில் 6 வெளிநாட்டு வீரர்கள் இருக்கலாம். அந்த சீசனில் இருந்து 5 பேர்தான். அதாவது 6 இந்தியர்கள் கட்டாயம்.

இதன் அர்த்தம் என்ன? வெளிநாட்டு வீரர்களை கிளப் நேரடியாக ஒப்பந்தம் போட்டு எடுத்துக் கொள்ளலாம். ஆனால் அணியில் பாதிக்கு மேல் இந்தியர்கள் ஆடணும் என்றால், டிராப்ட்டில் சொதப்பின கிளப் சீசன் முழுக்க அழ வேண்டியதுதான்.

டிராப்ட்டுக்கு முன்பு ஒரு சலுகை உண்டு. பழைய சீனியர் வீரர்களில் 2 பேரையும், 21 வயதுக்கு உட்பட்டவர்களில் 3 பேர் வரையும் தக்க வைத்துக் கொள்ளலாம். ஆனால் சும்மா இல்லை. 2 சீனியரை வைத்துக் கொண்டால் டிராப்ட்டின் முதல் 2 சுற்றில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணும்.

சென்னை 2 சீனியர்களை வைத்துக் கொண்டது. ஸ்டிரைக்கர் ஜெஜே, கோல்கீப்பர் கரண்ஜித். இளைஞர்களில் அனிருத் தாபா, ஜெர்ரி. இதில் ஜெர்ரி 2016-ல் ஐ.எஸ்.எல்.-ன் சிறந்த வளரும் வீரர் விருது வாங்கியவர்.

இதற்காக விட்டுக் கொடுத்தது என்ன? இந்தியாவின் நம்பர் ஒன் தடுப்பு வீரர் என்று பேசப்பட்ட அனஸ் எடத்தொடிகாவை 1.10 கோடிக்கு ஜாம்ஷெட்பூர் முதல் சுற்றிலேயே அள்ளிக் கொண்டு போனது. சென்னையின் முறை வருவதற்குள் அவர் போயாச்சு.

அன்றைக்கே பல பேர், ‘டிபன்சுக்கு பெரிய ஆள் இல்லாம என்ன பண்ணப் போறீங்க?’ என்று கேட்டார்கள். நம்ம கணக்குப்படி சென்னை செய்தது சரி. கோல் போடுகிற இந்திய வீரர் கிடைப்பது குதிரைக் கொம்பு. தடுப்பு ஆட்டத்துக்கு வெளிநாட்டுக்காரரைக் கொண்டு வரலாம். அப்படித்தான் செய்தார்கள். பிரேசிலின் மெயில்சன் ஆல்வ்ஸ், போர்ச்சுகலின் ஹென்ரிக் செரெனோ இருவரையும் நடுவில் நிறுத்தி, செரெனோவைக் கேப்டன் ஆக்கினார்கள். இந்திய இடங்களை மற்ற இடங்களில் நிரப்பினார்கள்.

தக்க வைத்ததற்கு நம்ம மார்க்: 10-க்கு 9.

பட்டியலில் யார் யார்?

மூன்றாவது சுற்றில் இருந்து சென்னை எடுக்க ஆரம்பித்தது. தோய் சிங், பிக்ரம்ஜித் சிங், தன்பால் கணேஷ், பிரான்சிஸ் பெர்னாண்டஸ், ஜெர்மன்பிரீத் சிங், முகமது ரபி, தனச்சந்திர சிங், கீனன் அல்மெய்டா, புல்கன்கோ கார்டோசோ, கோல்கீப்பர் பவன் குமார் என்று பட்டியல் நீண்டது.

இதைப் பார்த்ததும் ரசிகர்கள் உதட்டைப் பிதுக்கியதில் ஆச்சரியம் இல்லை. பேப்பரில் படித்தால் ‘அட!’ என்று நிமிர வைக்கிற பெயர் ஒன்றும் இல்லை. ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்க.

தோய் சிங், தனச்சந்திர சிங்: ஏற்கனவே சென்னை ஜெர்சி போட்டவர்கள். ஊரும் பழக்கம், வெயிலும் பழக்கம். புதுசா சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மார்க் 7.

முகமது ரபி: கேரளாவின் அனுபவசாலி. 90 நிமிடமும் ஓடச் சொல்ல முடியாது. ஆனால் கடைசி 20 நிமிடம் இறக்கி விட்டால் தலையால் முட்டி கோல் போடும் ஆள். பெஞ்சில் இப்படி ஒருத்தர் இருப்பது பையில் குடை வைத்துக் கொள்கிற மாதிரி. மார்க் 7.

பிரான்சிஸ் பெர்னாண்டஸ்: வலது பக்கம் ஓடிக் கொண்டே இருப்பார். பந்து இருந்தாலும் ஓடுவார், இல்லாவிட்டாலும் பின்னால் வந்து தடுப்புக்கு உதவுவார். டி.வி.யில் ஹைலைட்ஸ் பார்ப்பவர்களுக்கு இவர் கண்ணில் படமாட்டார். ஸ்டேடியத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். மார்க் 8.

பிக்ரம்ஜித் சிங்: நடுக்களத்தில் எதிரியின் பந்தைப் பிடுங்குகிற வேலை. கைதட்டல் கிடைக்காத வேலை. மார்க் 8.

வியாசர்பாடி வீரர்

இப்போது முக்கியமான ஆளுக்கு வருவோம். தன்பால் கணேஷ். வியாசர்பாடிக்காரர். வட சென்னையில் அந்தப் பகுதிக்கு ‘குட்டி பிரேசில்’ என்றே பெயர். கேரம் போர்டுக்கும் பாக்சிங்குக்கும் பேர் போன வட சென்னையில், வியாசர்பாடி மட்டும் பந்தைக் காலில் வைத்துக் கொண்டது. முல்லை நகர் மைதானத்தில் பசங்க காலையில் பந்தோடுதான் கண் விழிப்பாங்க. அப்பா அம்மா கூலி வேலை, வீட்டு வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள் பல பேர் அங்கே பந்து ஆடி வேலை வாங்கியிருக்காங்க, காலேஜில் சீட் வாங்கியிருக்காங்க.

அங்கிருந்து கிளம்பி புனே எப்.சி., சென்னை சிட்டி என்று ஆடியவர் கணேஷ். உயரம், தைரியம், ரெண்டு காலும் தரையில் நிற்கிற ஆட்டம். டிராப்ட்டில் சென்னை இவரை எடுத்தபோது, ‘உள்ளூர் ஆள் ஒருத்தர் இருக்கட்டும்னு கணக்குக்கு எடுத்திருப்பாங்க’ என்றுதான் சில பேர் பேசினார்கள்.

கணேஷ் அந்தப் பேச்சுக்கு களத்தில் பதில் சொன்னார். 2017 டிசம்பர் 17-ந் தேதி பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். ஜெஜே ஆரம்பத்திலேயே கோல் போட்டார். 85-வது நிமிடம் சேத்ரி சமன் செய்தார். பெங்களூரு ரசிகர்கள் ஆட்டம் போட ஆரம்பித்தார்கள். 3 நிமிடம் கழித்து கணேஷ் கோல்! 2-1. பெங்களூரு கூட்டம் கப்சிப்.

2018 மார்ச் 13-ந் தேதி, நேரு ஸ்டேடியம், அரையிறுதி 2-வது ஆட்டம். கோவாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1. அதில் சென்னைக்கு கோல் போட்டது தக்க வைக்கப்பட்ட தாபா. சென்னையில் ஜெஜே முதல் கோல் அடித்த 3 நிமிடத்தில் கணேஷ் தலையால் முட்டி அடுத்த கோல். கடைசியில் ஜெஜே இன்னொன்று. 3-0. கோவா காலி.

சொந்த ஊர் ஸ்டேடியத்தில், சொந்த ஊர் சனத்துக்கு முன்னால், அரையிறுதியில் கோல். வியாசர்பாடியில் அன்று ராத்திரி தூக்கம் இருந்திருக்குமா என்ன? கணேஷுக்கு மார்க் 10-க்கு 10. இதில் பேச்சுக்கே இடம் இல்லை.

4 நாள் கழித்து, மார்ச் 17-ந் தேதி மீண்டும் கண்டீரவா. பைனல். 9-வது நிமிடமே சேத்ரி கோல். ஆனால் மெயில்சன் 2 கோல், ரபேல் அகஸ்டோ 1 கோல். 3-2. சென்னை இரண்டாவது முறையாக சாம்பியன். கோல் போட்ட இருவருமே டிராப்ட்டில் எடுத்தவர்கள் இல்லையே என்று கேட்கலாம். மெயில்சன் முன்னால் போய் தலையால் முட்டும்போது பின்னால் வீட்டைக் காவல் காத்தது யார்? கணேஷும் பிக்ரம்ஜித்தும். அதுக்குத்தான் டிராப்ட்.

கை நழுவிய நந்தகுமார்

பாராட்டு போதும். திட்டவும் வேண்டாமா?

அதே டிராப்ட்டில் இன்னொரு சென்னைப் பையன் பட்டியலில் இருந்தார். நந்தகுமார் சேகர். சென்னை சிட்டியில் ஆடியவர், பக்கவாட்டில் பந்தோடு பறக்கிற ஆள். அவரை எடுத்தது டெல்லி டைனமோஸ். பிறகு ஒடிசா, அங்கிருந்து கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக நந்தகுமார் போட்ட ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. கொல்கத்தாவில் அந்த ஆட்டம் என்றால் ஊரே இரண்டாகப் பிரியும். அப்பேர்ப்பட்ட ஆட்டத்தில் நம்ம ஊர்ப் பையன் ஹீரோ. ஆனால் அவர் மேலே இருந்தது நம்ம ஊர் ஜெர்சி இல்லை.

2017-ல் சென்னையிடம் பக்கவாட்டு வீரர்கள் இருந்தார்கள், அது உண்மை. ஆனாலும் 15 சுற்று நடக்கிற டிராப்ட்டில், சொந்த ஊரில் வளர்ந்த 21 வயதுப் பையனுக்கு ஒரு இடம் ஒதுக்க முடியாதா? இதற்கு மார்க் 3. அதுவும் கோப்பை ஜெயித்ததால்தான்.

டிராப்ட் போச்சு, பிறகு?

2017-க்குப் பிறகு ஐ.எஸ்.எல்.-ல் டிராப்ட் நடக்கவில்லை. கிளப்புகளே நேரடியாகப் பேசி வீரர்களை எடுக்க ஆரம்பித்தன. அடுத்த சீசனில் என்ன நடந்தது? அதே கோச் ஜான் கிரிகரி, நடப்பு சாம்பியன் சென்னை 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்து கடைசி இடம். 2018-ல் முழங்கால் காயம் பட்டு கணேஷ் அந்த சீசனில் ஆட முடியவில்லை. தோல்விக்கு அது ஒண்ணு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் நடுக்களத்தில் அவர் விட்டுப் போன ஓட்டை ஸ்டேடியத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

நேரடியாகப் பேசி எடுப்பதில் ஒரு நல்லது இருக்கிறது. பையனுக்கு தனக்குப் பிடித்த கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. டிராப்ட்டில் எந்த ஊர் எடுக்கிறதோ அங்கே மூட்டை முடிச்சோடு போக வேண்டியதுதான். தொழிலாளிக்கு தன் முதலாளியைத் தேர்ந்தெடுக்கிற உரிமை வேண்டும். அதில் மறு பேச்சு இல்லை.

ஆனால் டிராப்ட்டில் இருந்த ஒரு வசதி போய் விட்டது. டிராப்ட்டில் எல்லா கிளப் முன்னாலும் ஒரே பட்டியல். பையன் பெயர் அதில் இருந்தால் போதும், எல்லோரும் பார்த்தே ஆகணும். இப்போது யார் முதலில் தேடிப் போகிறார்களோ அவர்களுக்குத்தான் பையன். அந்தத் தேடலில் நம்ம ஊர் கிளப்பை வெளியூர் கிளப்புகள் முந்திக் கொண்டன.

கன்னியாகுமரி மாவட்ட கடலோர கிராமத்துப் பையன் மைக்கேல் சூசைராஜ். 2018-ல் ஜாம்ஷெட்பூர் எடுத்தது. அங்கிருந்து கொல்கத்தா ஏ.டி.கே. அந்த ஏ.டி.கே.தான் 2020 பைனலில் சென்னையை 3-1 என்று தோற்கடித்தது. 2018-19 சீசனில் கோவையில் இருந்து ஆடிய சென்னை சிட்டி அணி ஐ-லீக் சாம்பியன் ஆனது. அதில் இருந்த எட்வின் வன்ஸ்பாலை சென்னை எடுத்தது, சபாஷ். ரொமாரியோ ஜேசுராஜ் கோவாவுக்குப் போனார். சிவகங்கை மாவட்டத்துப் பையன் சிவசக்தியை பெங்களூரு வளர்த்தது. 2022-23 சீசனில் சிறந்த வளரும் வீரர் விருது அவருக்குத்தான்.

இவர்களில் பாதிப் பேர் நேரு ஸ்டேடியத்தில் நீல ஜெர்சியில் ஆடியிருந்தால்? நினைத்தாலே வயிறு எரிகிறது.

ரசிகன் கேட்பது என்ன?

2021-22-ல் இருந்து களத்தில் வெளிநாட்டு வீரர்கள் 4 பேராகக் குறைந்தார்கள். 7 இந்தியர்கள் ஆடணும். அதாவது 2017-ஐ விட இப்போது உள்ளூர் திறமைக்குத் தேவை அதிகம். 2025-ல் லீக் நடத்தும் ஒப்பந்தத்தில் சிக்கல் வந்து, போட்டிகள் தள்ளிப் போய், வீரர்கள் சம்பளத்துக்குத் தவித்ததையும் பார்த்தோம். காசு தட்டுப்பாடு வரும்போது வெளிநாட்டு நட்சத்திரம் பிளைட் ஏறிப் போய் விடுவார். உள்ளூர்ப் பையன் எங்கே போவான்? இங்கேதான் இருப்பான்.

மீண்டும் டிராப்ட் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. டிராப்ட்டில் செய்த வேலையை கிளப் இப்போதும் செய்யட்டும். வருஷத்துக்கு ஒரு முறை வியாசர்பாடி, கன்னியாகுமரி, காரைக்குடி பக்கம் ஆள் அனுப்பட்டும். மாவட்ட லீக் ஆட்டத்தை பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஒரு நோட்டில் பேர் எழுதட்டும். ஒவ்வொரு சீசனுக்கும் இத்தனை தமிழ்நாட்டு வீரர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லட்டும்.

கோட்டா கேட்கிறோம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். கணேஷ் கண்டீரவாவில் கோல் போட்டது உள்ளூர் கோட்டாவில் இல்லை. ஆட்டம் இருந்தது, ஒருத்தர் பார்த்தார், முறை வந்தபோது பெயரைச் சொன்னார். பெரியமேட்டில் இருந்து வியாசர்பாடி சில கிலோமீட்டர்தான். ஜாம்ஷெட்பூரும் டெல்லியும் அதைவிட ரொம்ப தூரம். அவங்க வந்து பார்க்கிறாங்க. நம்ம ஆளுங்க ஒரு எட்டு போய்ப் பார்க்கலாமே?